மாசு தந்த மாண்பு

மாசு என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது மக்கள் இயல்பு. பொன்னில் செம்பு மிகுதியாகக் கலந்தால் அதன் மதிப்புக் குறைகிறது. பாலில் நீர் கலந்தால் அதன் சுவை கெடுகிறது. கல்லும் நெல்லும் விரவிய அரிசியை எவரும் விரும்பி வாங்குவதில்லை. தூய்மை உயர்வு தரும், கலப்புத் தாழ்வு தரும் என்பதே பலரும் கொண்ட முடிவு. இம்முடிவுக்கு அடங்காத பொருள் ஒன்று உண்டு. அறிவியலார் அதனை முதலில் இயன்ற மட்டும் தூய்மை செய்கின்றனர்; பின்னர், அத்தூய பொருளில் வேண்டுமென்றே சிறிது மாசினைக் கலக்கின்றனர். மாசு கலந்த பின்னரே அது பயன்படும் தகுதியைப் பெறுகிறது. அப்பொருளே சிலிக்கான். வானொலிப் பெட்டி, கணிப்பொறி, கைப்பேசி, கதிரவன் ஒளியை மின்னாற்றலாக மாற்றும் பலகை ஆகிய யாவும் இவ்வாறு மாசூட்டப்பெற்ற சிலிக்கானைக் கொண்டே இயங்குகின்றன. குறை என்று கருதப்பட்டதே நிறைவாக மாறியது எங்ஙனம்? அவ்வரலாறு அறிந்து மகிழத் தக்கது.

சிலிக்கான் அரிய பொருளன்று. ஆற்று மணலிலும், களிமண்ணிலும், கருங்கல்லிலும் அது நிறைந்துள்ளது. நிலவுலகின் மேலோட்டில் உள்ள பொருள்களை எடையால் பகுத்தால், ஆக்சிஜனுக்கு அடுத்த இடத்தைச் சிலிக்கானே பெறுகிறது. மேலோட்டின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக அது விளங்குகிறது. எனினும், அது தனித்துக் கிடைப்பதில்லை. ஆக்சிஜனோடும் பிற தனிமங்களோடும் கூடியே காணப்படுகிறது. சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் பெர்சீலியஸ் 1824-ஆம் ஆண்டில் அதனைப் பிரித்தெடுத்தார். படிகமாக உருப்பெற்ற சிலிக்கான் கருஞ்சாம்பல் நிறமும் உலோகம் போன்ற பளபளப்பும் உடையது. பார்வைக்கு உலோகம் போலத் தோன்றினும், கம்பியாக நீட்டவோ தகடாக அடிக்கவோ அது இடங்கொடாது. கண்ணாடி போல நொறுங்கிவிடும். மின்சாரத்தைக் கடத்துவதிலும் அது உலோகங்களோடு சேர்வதில்லை.

மின்னோட்டத்திற்கு இடங்கொடுக்கும் தன்மையை வைத்துப் பொருள்களைப் பகுப்பது வழக்கம். செம்பு, வெள்ளி, அலுமினியம் முதலியன மின்சாரத்தை எளிதாகக் கடத்துகின்றன, அவை கடத்திகள். கண்ணாடி, ரப்பர், பீங்கான் முதலியன மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. அவை கடத்தாப் பொருள்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு நிற்பனவும் சில உள்ளன. அவை குறைகடத்திகள் எனப் பெயர் பெறும். சிலிக்கானும் ஜெர்மானியமும் குறைகடத்திகளே. ஒரு சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட செப்புக் கட்டியின் எதிரெதிர் முகங்களுக்கிடையே உள்ள மின்தடை, ஓர் ஓமில் பத்து இலட்சத்தில் இரு பங்கிற்கும் குறைவானது. அதே அளவுள்ள தூய சிலிக்கான் கட்டியின் மின்தடையோ 2 இலட்சம் ஓமுக்கு மேற்பட்டது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய வேண்டுமாயின், அணுக்களின் அமைப்பைக் காணுதல் வேண்டும்.

மின்னோட்டம் என்பது எலக்ட்ரான்கள் போன்ற மின்துகள்களின் ஓட்டமே. செம்பில் ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ ஓர் எலக்ட்ரானை எவ்விடமும் செல்லுமாறு விடுவித்துள்ளது. ஆதலின், மின்கலத்தை இணைத்தவுடன் எண்ணற்ற எலக்ட்ரான்கள் ஒரு திசை நோக்கி நகர்கின்றன. சிலிக்கானின் நிலை வேறு. அதன் அணுவில் 14 எலக்ட்ரான்கள் உள்ளன. அவற்றுள் 10 எலக்ட்ரான்கள் அணுக்கருவை நெருங்கிச் சூழ்ந்துள்ளன. எஞ்சிய 4 மட்டும் புறத்தே அமைந்துள்ளன. சிலிக்கான் படிகத்தில் ஒவ்வோர் அணுவையும் நான்கு அணுக்கள் சூழ்ந்து நிற்கின்றன. நான்கு கைகளை உடைய ஒருவன் தன்னைச் சுற்றி நிற்கும் நால்வரோடும் கைகோத்து நிற்பது போல, ஒவ்வோர் அணுவும் தன் நான்கு எலக்ட்ரான்களையும் அண்டை அணுக்களோடு பகிர்ந்துகொண்டு பிணைப்புற்று நிற்கிறது. இதனைச் சகப்பிணைப்பு என்பர். எல்லாக் கைகளும் கோத்துக்கொண்டிருக்கும்போது, விடுபட்டு ஓடுவதற்கு எலக்ட்ரான் ஏது? ஆதலின், மிகக் குளிர்ந்த நிலையில் தூய சிலிக்கான் கடத்தாப் பொருளாகவே நிற்கிறது.

வெப்பம் ஏறும்போது இந்நிலை சிறிது மாறுகிறது. வெப்பத்தால் அணுக்கள் அதிர்கின்றன. அவ்வதிர்வினால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பிணைப்புகள் அறுபடுகின்றன. அறுபட்ட பிணைப்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் விடுபட்டுத் திரிகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. அவ்வெற்றிடத்தைத் துளை என்று அறிவியலார் வழங்குவர். துளையும் மின்னோட்டத்திற்கு உதவுகிறது. நீண்ட பலகை ஒன்றில் மாணவர் பலர் நெருங்கி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். வலக்கோடியில் ஓர் இடம் மட்டும் காலியாக உள்ளது. அதற்கு அடுத்துள்ள மாணவன் நகர்ந்து அவ்விடத்தில் அமர்ந்தால், அவன் முன்பு இருந்த இடம் காலியாகும். அவனை அடுத்தவன் அங்கு நகர்வான். இவ்வாறு மாணவர் ஒவ்வொருவராக வலப்புறம் நகர நகர, காலியிடம் இடப்புறம் சென்றுகொண்டேயிருக்கும். அதுபோலவே, அண்டையில் உள்ள எலக்ட்ரான்கள் துளையை நிரப்ப நிரப்பத் துளை எதிர்த்திசையில் நகர்கிறது. எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் உடையது. அதன் இன்மையாகிய துளை, நேர்மின்னூட்டம் உடைய துகள் போல நடந்துகொள்கிறது.

ஆயினும், தூய சிலிக்கானில் இவ்வாறு விடுபடும் எலக்ட்ரான்கள் மிகச் சிலவே. ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் ஏறத்தாழ 50 கோடி கோடி கோடி அணுக்கள் அடங்கியுள்ளன. அறையின் இயல்பான வெப்பநிலையில் அத்தனை அணுக்களுக்கிடையே திரியும் விடுபட்ட எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 1000 கோடியே. 1000 கோடி என்பது பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆனால், கணக்கிட்டுப் பார்த்தால் 5 இலட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற வீதமே கிட்டும். அன்றியும், அத்தொகை நிலையானதன்று. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை உயர்ந்தால் அது இரு மடங்காகிறது. காலையில் ஓர் அளவும் நண்பகலில் வேறோர் அளவுமாக மின்சாரத்தைக் கடத்தும் பொருளைக் கொண்டு நம்பத்தக்க கருவியை எவ்வாறு அமைப்பது?

வெப்பத்தினும் பெரியதொரு குழப்பத்தையும் சிலிக்கான் விளைவித்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்பியில்லாத் தந்தி அலைகளை உணர்வதற்குப் படிகங்களைப் பயன்படுத்தத் தொடங்கினர். இந்திய அறிஞர் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு அலைகளை உணரும் கருவியை அமைத்து, அமெரிக்க நாட்டில் 1901-இல் காப்புரிமை வேண்டி 1904-இல் அதனைப் பெற்றார். அமெரிக்கப் பொறியாளர் பிக்கார்டு 1906-இல் சிலிக்கான் படிகத்தைக் கொண்ட கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இக்கருவிகளில் படிகத்தின் மேல் நுண்ணிய கம்பி ஒன்றன் முனையைப் பொருத்துவர். படிகத்தின் ஓரிடத்தில் கம்பி பட்டால் ஒலி தெளிவாகக் கேட்கும். சற்று அப்பால் நகர்த்தினால் ஒலி அடங்கிவிடும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சிலிக்கான் துண்டுகளுள், ஒன்று ஒரு திசையிலும் மற்றொன்று அதற்கு நேர்மாறான திசையிலும் மின்னோட்டத்தை எளிதாகச் செல்லவிடும். இதன் காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. இத்தகைய பொருளை ஆராய்வது காலத்தை வீணாக்குவதே என்று அறிவியலார் சிலர் ஒதுங்கியும் நின்றனர்.

காரணத்தை அறியும் வழி எதிர்பாராத வகையில் திறந்தது. அமெரிக்க நாட்டில் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கு ரசல் ஓல் என்னும் பொறியாளர், மிக நுண்ணிய வானொலி அலைகளை உணர்வதற்குச் சிலிக்கானே ஏற்றது எனக் கருதி, அதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வந்தார். தூய்மை மிகுந்தால் அதன் மாறாட்டம் குறையும் என்பது அவர் எண்ணம். ஆதலின், உடன் பணியாற்றிய உலோகவியலார் ஸ்காஃப், தூரர் ஆகிய இருவரும் சிலிக்கானை உருக்கித் தூய கட்டிகளாக ஆக்கித் தந்தனர். 1940-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அத்தகைய கட்டியிலிருந்து வெட்டியெடுத்த சிறு கோல் ஒன்றை ஓல் ஆராய்ந்தார். அக்கோலின் நடுவே கீறல் ஒன்று இருந்தது. பழுதுற்றது என்று அதனை அவர் எறிந்துவிடவில்லை. விளக்கொளி அதன்மேல் பட்டபோது, ஏறத்தாழ அரை வோல்ட் மின்னழுத்தம் தோன்றக் கண்டார். ஒளியை மறைத்தால் மின்னழுத்தம் மறைந்தது. அக்காலத்தில் வழங்கிய ஒளிமின்கலங்கள் எவையும் இத்துணை மின்னழுத்தத்தைத் தரவில்லை. அதனை நேரிற் கண்ட இயற்பியல் அறிஞர் பிராட்டேன் பெரிதும் வியப்புற்றார்.

கோலை நுணுகி ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. கீறலின் அருகே கண்ணுக்குப் புலனாகாத எல்லை ஒன்று கோலின் குறுக்கே அமைந்திருந்தது. எல்லையின் இருபுறத்தும் இருந்தது சிலிக்கானே. ஆயினும், மின்னோட்டத்தைப் பொறுத்த வரை அவை எதிரெதிர்த் தன்மை உடையனவாக இருந்தன. ஒருபுறத்துச் சிலிக்கானை 'பி' வகை என்றும், மறுபுறத்துச் சிலிக்கானை 'என்' வகை என்றும் பெயரிட்டனர். நேர், எதிர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அவை. ஒரே கட்டியில் இவ்விரு வகைகளும் தோன்றக் காரணம் யாது? மாசே காரணமாதல் வேண்டும் என்று ஸ்காஃபும் தூரரும் எண்ணினர். ஆனால், அக்காலத்து வேதிப் பகுப்பாய்வுக்கு அகப்படாத அளவில் அம்மாசு சிறுத்திருந்தது. கருவிகள் காணாததை அவர்தம் மூக்கு கண்டது. 'என்' வகைச் சிலிக்கானை அறுக்கும்போது, கார்பைடு விளக்கில் எழும் வாயுவின் நாற்றம் போன்றதொரு நாற்றம் எழுந்தது. அந்நாற்றம் பாஸ்பரசைச் சார்ந்தது என்பதை அவர்கள் உணர்ந்தனர். பாஸ்பரஸ் முதலிய ஐந்தாம் தொகுதித் தனிமங்கள் சிலிக்கானை 'என்' வகை ஆக்குகின்றன என்பதும், போரான் முதலிய மூன்றாம் தொகுதித் தனிமங்கள் 'பி' வகை ஆக்குகின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயின.

அக்கட்டியில் எல்லை தோன்றிய வகையும் விளங்கிற்று. உருகிய சிலிக்கான் மெல்லக் குளிர்ந்து உறையும்போது, மாசுகள் திண்மப் பகுதியில் தங்குவதைவிட உருகிய பகுதியிலேயே தங்க விரும்புகின்றன. இவ்விருப்பம் போரானுக்குச் சிறிதாகவும் பாஸ்பரசுக்குப் பெரிதாகவும் உள்ளது. ஆதலின், முதலில் உறைந்த பகுதியில் போரான் மேலோங்கியது. பாஸ்பரஸ் ஒதுக்கப்பட்டுச் சென்று, பின்னர் உறைந்த பகுதியில் மேலோங்கியது. இரண்டும் சந்தித்த இடமே அவ்வெல்லை.

பாஸ்பரஸ் அணு செய்யும் வேலை யாது? அதன் புறத்தே 5 எலக்ட்ரான்கள் உள்ளன. சிலிக்கான் படிகத்தில் ஓர் அணுவின் இடத்தைப் பாஸ்பரஸ் அணு பற்றிக்கொண்டால், அதன் 4 எலக்ட்ரான்கள் சுற்றியுள்ள நான்கு சிலிக்கான் அணுக்களோடு பிணைப்புறுகின்றன. ஐந்தாம் எலக்ட்ரானுக்குப் பிணைய இடமில்லை. அது தன் அணுவோடு மிகத் தளர்வாகவே கட்டுண்டு நிற்கிறது. சிலிக்கானின் பிணைப்பை அறுத்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்க வேண்டும் ஆற்றலில், இருபத்தைந்தில் ஒரு பங்கே இதனை விடுவிக்கப் போதுமானது. அறையின் இயல்பான வெப்பமே அவ்வாற்றலைத் தந்துவிடுகிறது. ஆதலின், கலந்த ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் ஏறத்தாழத் தவறாமல் ஓர் எலக்ட்ரானைப் படிகத்திற்கு வழங்குகிறது. இக்காரணம் பற்றி அதனைக் கொடையாளி மாசு என்பர். ஆர்சனிக், ஆண்டிமனி ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தவை.

போரான் அணுவின் செயல் இதற்கு மாறானது. அதன் புறத்தே 3 எலக்ட்ரான்களே உள்ளன. சிலிக்கானின் இடத்தில் அது அமர்ந்தால், நான்கு அண்டை அணுக்களுள் ஒன்றனோடு பிணைப்பை நிறைவு செய்ய ஓர் எலக்ட்ரான் குறைகிறது. அக்குறையை அருகில் உள்ள வேறொரு பிணைப்பின் எலக்ட்ரான் வந்து நிரப்புகிறது. அது புறப்பட்ட இடத்தில் துளை தோன்றுகிறது. அத்துளை படிகமெங்கும் நகர்ந்து மின்னோட்டத்திற்கு உதவுகிறது. எலக்ட்ரானை ஏற்றுக்கொள்வதால் போரானை ஏற்பான் மாசு என்பர். அலுமினியம், காலியம், இண்டியம் ஆகியனவும் இவ்வகையினவே.

ஈண்டு ஒரு கருத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 'என்' வகைச் சிலிக்கானில் விடுபட்ட எலக்ட்ரான்கள் மிகுந்திருப்பதால், அப்பொருள் முழுவதும் எதிர்மின்னூட்டம் பெற்றுவிட்டது என்று கருதுதல் பிழை. பாஸ்பரஸ் அணு ஐந்தாம் எலக்ட்ரானைக் கொண்டுவந்தது போலவே, அதற்கு ஈடான நேர்மின்னூட்டத்தையும் தன் அணுக்கருவில் கொண்டுவந்துள்ளது. அவ்வாறே, 'பி' வகைச் சிலிக்கானும் நேர்மின்னூட்டம் பெற்றதன்று. இரண்டும் மின்னூட்டமற்ற பொருள்களே. நகரக் கூடிய துகள் எது என்பதே அவற்றிடையே உள்ள வேறுபாடு.

இனி, மாசின் அளவைக் காண்போம். ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் 10 கோடி கோடி பாஸ்பரஸ் அணுக்களைக் கலப்பதாகக் கொள்வோம். இது 5 கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்ற வீதமாகும். ஆயிரம் கிலோகிராம் அரிசியில் ஏறத்தாழ 5 கோடி அரிசிமணிகள் இருக்கும். அத்தனை அரிசியில் ஒரே ஒரு நெல் கலந்திருப்பதற்கு ஒப்பானது இக்கலப்பு. எத்துணை விழிப்புள்ள இல்லத்தரசியும் அந்த ஒரு நெல்லைப் பொருட்படுத்தமாட்டாள். ஆனால், சிலிக்கானில் அது விளைவிக்கும் மாற்றம் பெரிது. விடுபட்ட எலக்ட்ரான்களின் தொகை 1000 கோடியிலிருந்து 10 கோடி கோடியாக, அஃதாவது இலட்சம் மடங்காக, உயர்கிறது. 2 இலட்சம் ஓமுக்கு மேற்பட்டிருந்த கட்டியின் மின்தடை ஏறத்தாழ 5 ஓமாகத் தாழ்கிறது. மின்கடத்துதிறன் நாற்பதாயிரம் மடங்குக்கு மேல் பெருகுகிறது.

பெருக்கத்தினும் சிறந்த பயன் ஒன்றும் இதனால் விளைகிறது. மாசூட்டப்பெற்ற சிலிக்கானில் எலக்ட்ரான்களின் தொகையை முடிவு செய்வது வெப்பமன்று. கலந்த மாசு அணுக்களின் தொகையே. ஆதலின், காலைக் குளிரிலும் நண்பகல் வெயிலிலும் அத்தொகை ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. வெப்பம் மிகமிக ஏறினால் மட்டுமே, அறுபடும் பிணைப்புகள் பெருகி இவ்வொழுங்கு குலையும். மாசின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய கடத்துதிறனை அமைத்துக்கொள்ளவும் இயலும். எனினும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. மாசு அணுக்கள் மிகுந்தால், அவையே எலக்ட்ரான்களின் வழியில் குறுக்கிட்டு அவற்றைச் சிதறச் செய்கின்றன. மேற்கூறிய மாசினை ஆயிரம் மடங்காக்கினால், கடத்துதிறன் ஆயிரம் மடங்காவதில்லை. ஏறத்தாழ இருநூறு மடங்கே உயர்கிறது.

மாசினால் இத்துணை நன்மை விளையுமாயின், சிலிக்கானை முதலில் தூய்மை செய்வது எதற்கு என்ற ஐயம் எழலாம். 5 கோடியில் ஒரு பங்கு மாசு இத்துணை மாற்றத்தைச் செய்யுமானால், அறியாமற் கலந்த மாசும் அதே மாற்றத்தைச் செய்யுமன்றோ? அன்றியும், கொடையாளி மாசும் ஏற்பான் மாசும் ஒன்றையொன்று அழிக்கும் இயல்பின. பாஸ்பரசும் போரானும் சம அளவில் கலந்திருந்தால், பாஸ்பரஸ் தந்த எலக்ட்ரான்கள் போரானின் குறையை நிரப்பி ஓய்ந்துவிடும். இரண்டு மாசுகள் இருந்தும் பயன் ஒன்றும் இராது. பழைய படிகங்கள் இடத்துக்கு இடம் மாறி நடந்துகொண்டதன் மறைபொருளும் இதுவே. அவற்றில் மாசு இருந்தது. ஆனால், இன்ன மாசு, இவ்வளவு, இன்ன இடத்தில் உள்ளது என்பதை அறிந்தவர் எவருமிலர். எழுதுவதற்கு முன் பலகையை நன்கு துடைத்தல் வேண்டும். துடைக்காத பலகையில் எழுதிய எழுத்து, பழைய எழுத்தோடு கலந்து படிக்க இயலாததாகும்.

ஆதலின், தூய்மை செய்யும் பணி பெருமுயற்சியாக நடைபெறுகிறது. மணலைக் கரியோடு சேர்த்து மின்னுலையில் உருக்கினால் முதல் நிலைச் சிலிக்கான் கிடைக்கிறது. அதனை ஹைட்ரஜனும் குளோரினும் கூடிய நீர்மப் பொருளாக மாற்றி, அந்நீர்மத்தைப் பலகால் காய்ச்சி வடித்து, மீண்டும் சிலிக்கானாக ஆக்குகின்றனர். இவ்வாறு பெற்ற சிலிக்கானில் நூறு கோடி அணுக்களுக்கு ஓர் அயல் அணுவும் முழுமையாகத் தேறாது. இத்தூய சிலிக்கானை 1414 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கி, அதிலேயே அளந்தெடுத்த போரானையோ பாஸ்பரசையோ இடுகின்றனர். பின்னர், சிறியதொரு விதைப்படிகத்தை உருகிய பரப்பில் தோயவைத்து, மெல்லச் சுழற்றிக்கொண்டே மேலே இழுக்கின்றனர். போலந்து நாட்டு அறிஞர் சோக்ரால்ஸ்கி 1916-இல் கண்ட முறையைத் தழுவியது இது. விதையைத் தொடர்ந்து அணுக்கள் ஒழுங்குறப் படிந்து, தூண் போன்ற ஒற்றைப் படிகம் வளர்கிறது. அதனை மெல்லிய தகடுகளாக அறுத்துக்கொள்கின்றனர்.

தகட்டின் சில பகுதிகளில் மட்டும் வேறு மாசினைப் புகுத்த இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில், மாசு கலந்த வாயுவின் நடுவே தகட்டினை வைப்பது. மலரின் மணம் காற்றில் பரவுவது போல, மாசு அணுக்கள் தகட்டின் உள்ளே சிறிது சிறிதாகப் பரவும். மற்றொன்று, மாசு அணுக்களுக்கு மின்னூட்டம் அளித்து, மின்னழுத்தத்தால் விரைவூட்டித் தகட்டினுள் பாய்ச்சுவது. பாய்ந்த அணுக்கள் படிகத்தின் ஒழுங்கைச் சிதைத்துவிடுமாதலின், பின்னர் அதனைச் சூடேற்றி ஒழுங்குபடுத்துகின்றனர். எத்துணை அணுக்கள், எவ்வளவு ஆழம் என்பதை முன்னரே முடிவு செய்ய இம்முறை இடந்தருகிறது.

'பி' வகையும் 'என்' வகையும் ஒரே படிகத்தில் அடுத்தடுத்து அமையும் இடத்தைச் சந்தி என்பர். அங்கு 'என்' பகுதியின் எலக்ட்ரான்கள் சில எல்லையைக் கடந்து, 'பி' பகுதியின் துளைகளை நிரப்புகின்றன. அதனால் எல்லையின் இருபுறத்தும் நகராத மின்னூட்டங்கள் எஞ்சி, மேலும் எலக்ட்ரான்கள் வாராதவாறு அரண் போல நிற்கின்றன. மின்கலத்தின் நேர்முனையைப் 'பி' பகுதியோடும் எதிர்முனையை 'என்' பகுதியோடும் இணைத்தால், அரண் தாழ்ந்து மின்னோட்டம் செல்லும். மாற்றி இணைத்தால், அரண் உயர்ந்து மின்னோட்டம் ஏறத்தாழ நின்றுவிடும். இவ்வாறு சந்தி ஒருவழிக் கதவாகப் பணிபுரிகிறது. ஒளி சந்தியின்மேல் பட்டால் பிணைப்புகள் அறுபட்டு எலக்ட்ரான்களும் துளைகளும் தோன்றுகின்றன. அரணின் மின்விசை அவற்றை எதிரெதிர்ப் புறங்களுக்குத் தள்ளுகிறது. ரசல் ஓலின் கீறலுற்ற கோலில் தோன்றிய அரை வோல்ட்டின் காரணம் இதுவே.

இவ்வறிவு பெற்ற பின் புதுமைகள் விரைந்து தோன்றின. 1947-ஆம் ஆண்டு டிசம்பரில், பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டேனும் ஜெர்மானியப் படிகத்தைக் கொண்டு முதல் டிரான்சிஸ்டரை அமைத்தனர். அவர்களோடு, சந்தி டிரான்சிஸ்டரை வகுத்த ஷாக்லியும் 1956-இல் நோபல் பரிசு பெற்றார். 1954-இல் சிலிக்கான் டிரான்சிஸ்டர் உருவாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினர். 'என்' வகைச் சிலிக்கானின் மேற்பரப்பில் போரானை மெல்லிய படலமாகப் பரவச் செய்து அமைத்த அக்கலம், தன்மேல் விழுந்த கதிரொளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்னாற்றலாக மாற்றியது. 1958-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் விண்ணில் ஏவப்பெற்ற வான்கார்டு 1 என்னும் செயற்கைக் கோளில் இத்தகைய கலங்கள் பொருத்தப்பெற்றிருந்தன. அக்கோளில் இருந்த வேதி மின்கலங்கள் சில மாதங்களிலேயே ஓய்ந்தன. சிலிக்கான் கலங்களோ 1964 வரை அதன் வானொலிக்கு ஆற்றல் தந்தன. இன்று, நகத்தின் அளவே உள்ள சிலிக்கான் சில்லில் பல கோடி டிரான்சிஸ்டர்கள் அமைக்கப்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் இடமறிந்து, அளவறிந்து இட்ட மாசினாலேயே இயங்குகின்றன.

மாசு முன்பும் சிலிக்கானில் இருந்தது, பின்பும் இருந்தது. முன்பு அது குழப்பத்தை விளைவித்தது; பின்பு அது பணிசெய்தது. மாறியது மாசன்று, அதனைப் பற்றிய மனிதனின் அறிவே. கீறலுற்ற கோலை எறியாமல் வைத்து நோக்கிய கண்ணும், அறுக்கும்போது எழுந்த நாற்றத்தைப் புறக்கணியாத கவனமும் அவ்வறிவுக்கு வித்திட்டன. அளவறியாத கலப்புக் கேடு தரும். அளவறிந்த கலப்பு ஆற்றல் தரும். கோடிக்கணக்கான அணுக்களின் நடுவே தனித்து நிற்கும் ஒரு பாஸ்பரஸ் அணு, மணலாய்க் கிடந்த பொருளை உலகெங்கும் செய்தி சுமக்கும் கருவியாக உயர்த்திவிட்டது. சிறியது என்று எதனையும் ஆராயாமல் ஒதுக்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு யாது?